கப்பல் கட்டணம் ஏறும்போது குடும்பம் எதைக் குறைக்கிறது?

வாசகர் வினா விடை

சென்ற இதழில் பாடசாலை விடுமுறைக் காலத்துக் குடும்பச் செலவுகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை உல்லாசக் கப்பல் பயணத்தைப் பற்றியே இருந்தன. பிள்ளைகளை ஒருமுறையாவது கப்பலில் அழைத்துச் செல்ல வேண்டும் என்ற ஆசை கொழும்பில் இத்தனை வீடுகளில் இருக்கிறது என்பதை அந்தக் கடிதங்களைப் படித்த பிறகே அறிந்துகொண்டேன். ஆகவே இம்முறை பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கி, ஒரே விடயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து விடையளிக்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்: 2019ஆம் ஆண்டில், சிங்கப்பூரிலிருந்து புறப்படும் நான்கு இரவுக் கப்பல் பயணம் ஒன்றுக்கு எங்கள் நால்வருக்கும் விலை கேட்டு வைத்திருந்தோம். கொரோனா வந்தது, அதன் பின்னர் டொலர் தட்டுப்பாடு வந்தது, பயணம் தள்ளிக்கொண்டே போய்விட்டது. இப்போது கேட்டால் ரூபாயில் இரண்டு மடங்குக்கும் மேலாகச் சொல்கிறார்கள். கப்பல் நிறுவனங்கள் உண்மையிலேயே இவ்வளவு விலையைக் கூட்டிவிட்டனவா, ஐயா?

அம்மா, அந்தப் பழைய விலைத்தாளில் டொலர் தொகையும் எழுதப்பட்டிருந்தால் முதலில் அதை எடுத்துப் பாருங்கள். உங்கள் வினாவுக்கான விடையில் பெரும்பகுதி அதிலேயே இருக்கிறது. 2019 இறுதியில் ஒரு டொலருக்கு நாம் ஏறத்தாழ 180 ரூபாய் கொடுத்தோம். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்றது, அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது, பின்னர் இறங்கி 300 ரூபாயை அண்டி நிலைகொண்டது. உதாரணத்துக்கு, உங்கள் நால்வருக்கும் அன்று 1,500 டொலர் கேட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கப்பல் நிறுவனம் அந்தத் தொகையில் ஒரு சதத்தைக்கூடக் கூட்டாமல் இருந்திருந்தாலும், அன்று 2 இலட்சத்து 70 ஆயிரம் ரூபாயாக இருந்தது 300 ரூபாய் வீதத்தில் 4 இலட்சத்து 50 ஆயிரமாகிவிடுகிறது. நீங்கள் காணும் ஏற்றத்தில் பெரும்பங்கு நம் நாணயத்தின் வீழ்ச்சியால் வந்தது. சிங்கப்பூர்க் குடும்பமோ அமெரிக்கக் குடும்பமோ இந்தப் பங்கைச் சுமக்கவில்லை.

மீதிப் பங்கு கப்பல்காரருடையதுதான், அதற்கும் காரணங்கள் உண்டு. 2020 மார்ச்சில் உலகம் முழுவதும் உல்லாசக் கப்பல்கள் நிறுத்தப்பட்டன. ஓர் ஆண்டுக்கும் மேலாக வருமானமின்றி நின்ற கப்பல்களைப் பராமரிக்க நிறுவனங்கள் பெருங்கடன் வாங்கின. கார்னிவல் நிறுவனத்தின் கடன் மட்டும் 2023 தொடக்கத்தில் 35 பில்லியன் டொலரைத் தாண்டியிருந்தது. அந்தக் கடனுக்கான வட்டி எந்தச் சீட்டிலும் தனியாக எழுதப்படுவதில்லை, ஆனால் ஒவ்வொரு சீட்டிலும் இருக்கிறது. உக்ரேன் போருக்குப் பிறகு எரிபொருள் விலை ஏறியது, 2022 ஜூனில் அமெரிக்காவிலேயே பணவீக்கம் 9.1 வீதத்தைத் தொட்டது, சமையலறைச் செலவும் ஊழியர் சம்பளமும் கூடவே ஏறின.

நம் பக்கத்துக் கடலில் இன்னொன்றும் நடந்தது. ஆசியாவில் பெரிய நிறுவனமாக இருந்த கெந்திங் ஹொங்கொங் 2022 ஜனவரியில் கடன் தாங்காமல் சரிந்தது. அதன் கப்பல்களில் ஒன்றான ‘கெந்திங் ட்ரீம்’ அதே ஆண்டு ஜூனில் ரிசோர்ட்ஸ் வேர்ல்ட் குரூஸஸ் என்ற புதிய நிறுவனத்தின் பெயரில் சிங்கப்பூரிலிருந்து மீண்டும் ஓடத் தொடங்கியது, மற்றவை வேறு கைகளுக்குப் போயின. கப்பல்கள் குறைந்த துறைமுகத்தில் கட்டணம் இறங்குவதற்கு வழியில்லை. அதே நிறுவனக் குழுமத்தின் ஜேர்மன் கப்பல் கட்டும் தளத்தில் கட்டி முடியாத நிலையில் நின்றுபோன பெருங்கப்பலை டிஸ்னி வாங்கி, ‘டிஸ்னி அட்வெஞ்சர்’ என்று பெயரிட்டு, சிங்கப்பூருக்கென்றே ஒதுக்கியது. சுமார் 6,700 பயணிகளை ஏற்றக்கூடிய அந்தக் கப்பலின் முதற்பயணம் 2025 டிசம்பரிலிருந்து 2026 மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. சிறுபிள்ளைகள் உள்ள குடும்பங்களையே முதன்மையாக எண்ணி அமைக்கப்பட்ட இத்தனை பெரிய கப்பல் ஒரே துறைமுகத்தில் சேரும்போது, அதே குடும்பங்களை நம்பியிருக்கும் பழைய கப்பல்கள் கட்டணத்தில் இளகிக் கொடுக்க வேண்டிவரும் என்பது என் எண்ணம். நீங்கள் இத்தனை ஆண்டுகள் காத்திருந்தீர்கள். இரண்டு நிறுவனங்களிலும் ஒரே வாரத்துக்கு விலை கேட்டு, டொலரிலேயே எழுதி வாங்கி, பழைய தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், “நான்கு இரவு முடியாவிட்டால் இரண்டு இரவாவது போகலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதே போக்கில்தான் இருக்கின்றன. விலை ஏறியதற்காகப் பயணத்தையே கைவிட்டோம் என்று எழுதியவர்கள் மிகச் சிலரே. இரவுகளைக் குறைத்தோம், மாடம் வைத்த அறையை விட்டு ஜன்னலில்லாத உள்ளறைக்கு மாறினோம், பாட்டியை விட்டுவிட்டுப் போனோம் என்றுதான் எழுதுகிறார்கள். இரவைக் குறைப்பதில் ஒரு கணக்குப் பிழை ஒளிந்திருக்கிறது. கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்குப் போய்வரும் விமானச் செலவு இரண்டு இரவுக்கும் நான்கு இரவுக்கும் ஒன்றுதான். ஆகவே இரவுகளைப் பாதியாக்கினாலும் மொத்தச் செலவு பாதியாகாது, கப்பலில் கழிக்கும் ஓர் இரவின் விலையோ ஏறிவிடும். குறைப்பதானால் அறையின் தரத்தைக் குறையுங்கள், இரவுகளைத் தொடாதீர்கள். உள்ளறையில் இருப்பவருக்கும் மாடத்து அறையில் இருப்பவருக்கும் பொது உணவுக்கூடமும் நீச்சல் தடாகமும் நாடக அரங்கும் ஒன்றேதான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து க.பொ.த. உயர்தர மாணவர்: விலை ஏறினால் கேள்வி குறையும் என்று பொருளியலில் படிக்கிறோம். கப்பல் கட்டணம் ஏறியும் கப்பல்கள் நிறைந்தே போகின்றன என்று செய்திகளில் வாசித்தேன். கேள்வி விதிக்கு இது விதிவிலக்கா?

விதிவிலக்கு இல்லை, தம்பி. உங்கள் பாடநூல் எந்தப் பொருளில் ‘கேள்வி’ என்று சொல்கிறதோ, அதாவது வாங்கும் விருப்பமும் வாங்கும் வலுவும் சேர்ந்தது என்ற பொருளில்தான் நானும் அச்சொல்லை எழுதுகிறேன். ‘ஏனைய காரணிகள் மாறாதிருக்க’ என்று அந்த விதி தொடங்குவதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். 2021இலிருந்து எந்தக் காரணியும் மாறாமல் இருக்கவில்லை.

முதலில் எண்களைப் பார்ப்போம். உல்லாசக் கப்பல் நிறுவனங்களின் சர்வதேசச் சங்கத்தின் கணக்குப்படி 2019இல் 29.7 மில்லியன் பேர் கப்பலில் சென்றார்கள். 2023இல் அது 31.7 மில்லியனாகவும் 2024இல் 34.6 மில்லியனாகவும் உயர்ந்தது. இதே ஆண்டுகளில் கட்டணமும் ஏறியது. விலையும் தொகையும் சேர்ந்தே ஏறினால், விலைக்கேற்ப வாங்கும் அளவைக் காட்டும் கேள்வி வளையியின் வழியே நாம் அசையவில்லை, வளையியே இடம்பெயர்ந்திருக்கிறது என்று பொருள். அது ஏன் இடம்பெயர்ந்தது என்பதுதான் நீங்கள் எழுத வேண்டிய விடை.

அமெரிக்கக் குடும்பம் ஒன்று கோடை விடுமுறைக்குப் புறப்படும்போது அதன் முன்னே இருப்பது கப்பல் மட்டுமல்ல. ஹோட்டல் அறை, வாடகைக் கார், உணவகம், கேளிக்கைப் பூங்காவின் நுழைவுச் சீட்டு எல்லாம் இருக்கின்றன. 2021, 2022ஆம் ஆண்டுகளில் இவை எல்லாவற்றின் விலையும் பாய்ந்து ஏறின. கப்பல்கள் அவற்றுக்குப் பின்னரே முழுமையாக ஓடத் தொடங்கியதால், பயணிகளை மீண்டும் அழைப்பதற்காக முதலில் தாழ்ந்த கட்டணத்தையே வைத்திருந்தன. அறை, மூன்று வேளை உணவு, இரவு நிகழ்ச்சி, ஊர் விட்டு ஊர் போகும் பயணம் ஆகிய நான்கும் ஒரே சீட்டில் அடங்குவதால், தரைவழி விடுமுறையின் விலை ஏறும்போதெல்லாம் கப்பல் ஒப்பீட்டளவில் மலிவாகத் தெரிந்தது. ஒன்றுக்குப் பதிலாக வாங்கக்கூடிய பிரதியீட்டுப் பண்டத்தின் விலை ஏறினால் இந்தப் பண்டத்துக்கான கேள்வி கூடும். ஒன்றின் விலை மாற்றம் இன்னொன்றின் கேள்வியை அசைக்கும் குறுக்குக் கேள்வி நெகிழ்ச்சிக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் உங்களுக்குக் கிடைக்காது.

இனி நிரம்பலை, அதாவது விற்பனைக்கு வரும் அளவைப் பாருங்கள், இங்கேதான் கப்பலின் தனித்தன்மை இருக்கிறது. புறக்கோட்டையில் கீரை விற்பவர் மாலையானதும் மிச்சக் கட்டுகளை வந்த விலைக்குத் தள்ளிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். துறைமுகத்தை விட்டுக் கப்பல் நகர்ந்த மறுநிமிடம் வெறும் அறைகளும் அந்த வாடிய கீரைக்குச் சமமானவை, அவற்றை மறுநாள் விற்க முடியாது. மாலுமிகளின் சம்பளம், எரிபொருள், துறைமுகச் செலவு எல்லாம் ஓர் அறை வெறுமையாக இருந்தாலும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆகவே நிறுவனம் அறைகள் நிறையும்வரை கட்டணத்தை அசைத்துக்கொண்டே இருக்கும். கேள்வி தளர்ந்தால் கப்பல் காலியாகப் போவதில்லை. கட்டணம் இறங்கி, கப்பல் நிறைந்தே போகும். ‘கப்பல் நிறைந்திருக்கிறது’ என்ற செய்தி கேள்வியைப் பற்றி அதிகம் சொல்வதில்லை, எந்தக் கட்டணத்தில் நிறைந்தது என்பதுதான் சொல்லும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நிறைவு வீதத்தை நிறுவனங்கள் ஓர் அறைக்கு இருவர் என்ற அடிப்படையில் கணக்கிடுகின்றன. பெற்றோரோடு இரண்டு பிள்ளைகள் ஓரறையில் தங்கினால் அந்த அறை 200 வீதம் நிறைந்ததாகும், அதனால்தான் அறிக்கைகளில் 100 வீதத்துக்கு மேற்பட்ட எண்களைக் காண்கிறீர்கள். கூடுதலான அந்தப் பங்கு பெரும்பாலும் பிள்ளைகளுடையது. பிள்ளைகள் வந்தால் பெற்றோர் கப்பலுக்குள்ளே செலவழிப்பார்கள். பெரிய நிறுவனங்களின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பயணச்சீட்டிலிருந்து அல்லாமல் கப்பலுக்குள் விற்கும் பானம், இணைய வசதி, கரையோரச் சுற்றுலா முதலியவற்றிலிருந்து வருகிறது. 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ரோயல் கரிபியனின் ‘ஐகொன் ஒஃப் த சீஸ்’ 248,663 மொத்தத் தொன் அளவு கொண்டது, நிறைந்தால் 7,600 பயணிகளை ஏற்றுவது. அதில் சிறுபிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம். இத்தகைய கப்பல்கள் வரும்போது நிரம்பல் வளையி வலப்புறம் நகர்கிறது, பயணிகளின் தொகை கூடுவதில் அதற்கும் பங்குண்டு.

இவ்வளவும் அமெரிக்கக் கப்பல் பயணிகள் ஏறும் புளோரிடாவின் கதை. கொழும்பில் கேள்வி வளையி இடப்புறம் நகர்ந்தது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதமாக இருந்தது. அடுத்த ஆண்டு அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியபோது பலர் விலைகளே இறங்கிவிட்டதாக எண்ணினார்கள். விலைகள் இறங்கவில்லை, ஏறும் வேகம்தான் தணிந்தது. சம்பளம் அந்த ஏற்றத்தை இன்றுவரை எட்டிப்பிடிக்காத வீடுகள் ஏராளம், பெறுமதி சேர் வரியும் 2022 ஜூனுக்கு முன்னர் இருந்த 8 வீதத்திலிருந்து படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 வீதமாகியது. அரிசியும் மின்கட்டணமும் பாடசாலைச் செலவும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவதில்தான் விடுமுறை நிற்கிறது, ஆகவே விலையேற்றத்தைக் கழித்துப் பார்க்கும் மெய் வருமானம் குறையும்போது முதலில் அசைவது அதுதான். பரீட்சையில் இவ்விரண்டு ஊர்களையும் இரண்டு வரைபடங்களாக வரையுங்கள். ஒரே பண்டம், ஒரே காலம், இரண்டு ஊர்களில் எதிரெதிர்த் திசையில் நகர்ந்த வளையிகள்.

தெஹிவளையிலிருந்து ஒரு தந்தை: விளம்பரத்தில் சொன்ன தொகைக்கும் கடைசியில் கட்டச் சொன்ன தொகைக்கும் இடையில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் வந்தது. எங்கே ஏமாந்தோம்?

ஐயா, சில ஆண்டுகளுக்கு முன்னர் எனக்கும் இதே அனுபவம் நேர்ந்தது. பயண முகவர் ஒருவர் காட்டிய வண்ணத்தாளை நம்பி வீட்டில் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், பணம் கட்டப் போன நாளில் தொகை வேறாக இருந்தது. பிள்ளைகளிடம் மீண்டும் போய், போக முடியாது என்று சொன்ன அந்த மாலையை இன்றும் மறக்கவில்லை. அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விளம்பரத் தொகை பெரும்பாலும் இருவர் தங்கும் அறையில் ஒருவருக்குரிய கட்டணம். துறைமுக வரியும் அரசு வரிகளும் அதில் சேராமல் இருக்கலாம். அடுத்தது சேவைப் பணம். இது நாம் விரும்பிக் கொடுக்கும் அன்பளிப்பு என்ற நிலை மாறி, நாளொன்றுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கில் தானாகவே ஏறும் தொகையாகிவிட்டது. ரோயல் கரிபியன் சாதாரண அறைகளுக்கு 2023 நவம்பரில் இதை 16 டொலரிலிருந்து 18 டொலராகவும் அடுத்த ஆண்டு 18.50 டொலராகவும் உயர்த்தியது. பிள்ளைகளுக்கும் இதே தொகைதான். நால்வர் நான்கு இரவு சென்றால் 296 டொலர், 300 ரூபாய் வீதத்தில் 88,800 ரூபாய். கொழும்பில் ஒரு குடும்பத்தின் மாத மளிகைச் செலவை விழுங்கக்கூடிய இந்தத் தொகை விளம்பரத் தாளின் முன்பக்கத்தில் வருவதில்லை. அடிப்படைக் கட்டணத்தை ஏற்றினால் வாடிக்கையாளர் உடனே கவனிப்பார், இப்படிப்பட்ட சிறு தொகைகளை ஏற்றினால் கவனிக்கமாட்டார் என்பதை நிறுவனங்கள் நன்றாக அறிந்திருக்கின்றன. இது எனக்கு உடன்பாடில்லாத வழக்கம், தவிர்க்க முடியாத கட்டணம் எதுவாயினும் முதல் விலையிலேயே சேர்த்துச் சொல்லப்பட வேண்டும்.

குடும்பங்களுக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. ஒரே அறையில் தங்கும் மூன்றாவது, நான்காவது பயணிகளுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் குறைந்த கட்டணமே அறவிடுகின்றன. சில காலங்களில் பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை என்றும் அறிவிப்பார்கள், ஆயினும் வரிகளும் சேவைப் பணமும் அவர்களுக்கும் உண்டு, விடுமுறை வாரங்கள் அந்தச் சலுகையிலிருந்து பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். இந்த இடத்தில் நம் பாடசாலை நாட்காட்டி நமக்கு உதவுகிறது. சிங்கப்பூர்ப் பாடசாலைகளின் பெரிய விடுமுறைகள் ஜூனிலும் நவம்பர் பிற்பகுதி முதல் டிசம்பர் வரையிலும் வருகின்றன, அந்த வாரங்களில் கட்டணம் உச்சியில் நிற்கும். நம் பிள்ளைகளுக்குப் புத்தாண்டையொட்டி ஏப்ரலிலும், வழக்கமான ஆண்டுகளில் ஓகஸ்டிலும் விடுமுறை கிடைக்கிறது. அந்த நாட்களில் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். டிசம்பரை விட்டு ஓகஸ்டுக்கு மாறினாலே, அறையையோ இரவையோ குறைக்காமல், கணிசமான தொகை மிஞ்சும்.

முகவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: “வரி, துறைமுகக் கட்டணம், சேவைப் பணம் எல்லாம் சேர்த்து நால்வருக்கும் மொத்தம் எத்தனை டொலர்?” விடையை எழுத்தில் வாங்குங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து புதிதாக மணமான ஒருவர்: கடைசி நேரத்தில் கட்டணம் இறங்கும் என்கிறார்களே, காத்திருக்கலாமா?

நீங்கள் இருவராக இருப்பதால் காத்திருக்கலாம். பிள்ளைகள் உள்ளவர்களுக்கு அது சரிவராது. நால்வர் தங்கும் அறைகள் கப்பலில் குறைவு, அவையே முதலில் தீர்ந்துபோகும். கட்டணத்தில் மிச்சம் பிடித்ததைக் கடைசி நேர விமானச்சீட்டு திரும்ப எடுத்துக்கொள்ளும். கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டுக்கும் விசா தேவையா என்று பார்ப்பதற்கும் நாட்கள் வேண்டும்.

மட்டக்குளியிலிருந்து, யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகக் கொண்ட வாசகி: சென்னையிலிருந்து புறப்பட்டுத் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் ஒரு சொகுசுக் கப்பல் வந்ததே, அது நமக்கு மலிவாக அமையாதா? சிறுவயதில் அப்பா தலைமன்னாரிலிருந்து கப்பலேறிய கதையைச் சொல்வார், அந்த ஆசை இன்னும் விடவில்லை.

உங்கள் அப்பா சொன்ன கதைகளை என் வீட்டிலும் கேட்டு வளர்ந்தேன். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு இராமேஸ்வரத்துக்கு மாறிய அந்தக் கப்பல் சேவை, போர் தொடங்கிய காலத்தில் நின்றுபோயிற்று. 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ‘ஸ்கொட்டியா பிரின்ஸ்’ ஓடியது, போதிய பயணிகள் சேராமல் அதே ஆண்டு நவம்பரில் நின்றது. விமானக் கட்டணத்துக்கும் கப்பல் கட்டணத்துக்கும் போதிய இடைவெளி இல்லாதபோது, ஓர் இரவு முழுவதும் கடலில் கழிக்கக் குடும்பங்கள் முன்வரவில்லை. மாற்று வழியைவிடப் போதிய அளவு மலிவாக இல்லாதபோது கப்பல் சேவை எப்படிக் கேள்வியை இழக்கிறது என்பதற்கு நம் துறைமுகத்திலேயே நாம் கண்ட சாட்சி அது.

நீங்கள் குறிப்பிடும் சொகுசுக் கப்பல் கோர்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’. 1990இல் கட்டப்பட்டு, முன்பு ரோயல் கரிபியனிடம் இருந்த அக்கப்பல், 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்து சென்றது. இந்தியக் குடும்பத்துக்கு அது வெளிநாட்டுப் பயணம், கட்டணமும் அவர்கள் நாணயத்திலேயே நிர்ணயிக்கப்படுவதால் டொலர் ஏற்றம் அவர்களை அவ்வளவு நேராகத் தாக்குவதில்லை. நமக்கோ நிலைமை வேறு. சென்னைக்கு விமானத்தில் போய், அங்கே கப்பலேறி, நம் நாட்டுத் துறைமுகத்தைப் பார்த்துவிட்டு, மீண்டும் சென்னை சென்று, விமானத்தில் வீடு திரும்ப வேண்டும். கப்பல் மறுபடியும் இந்தியாவுக்குள் நுழைவதால் ஒருமுறை நுழைவு விசா போதாது. சிங்கப்பூரைவிட விமானச் செலவு குறையலாம், உணவும் மொழியும் நமக்கு இணக்கமாக இருக்கும். ஆனால் கொழும்புக் கோட்டையிலிருந்து இரயிலேறினால் போகக்கூடிய திருகோணமலைக்காக இரண்டு நாட்டு எல்லைகளைத் தாண்டிச் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சென்னையிலிருந்து கப்பலேறுவதானால் இலங்கையைத் தொடாத பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். நிகழ்ச்சி நிரல் பருவத்துக்குப் பருவம் மாறும், ஆகவே அந்த ஆண்டின் பட்டியலைப் பார்க்காமல் எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

அப்பாவின் கதைக்கு அருகில் வரும் பயணம் வேறொன்று இருக்கிறது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபரில் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய பயணிகள் படகு. நீச்சல் தடாகமும் நாடக அரங்கும் அதில் இல்லை, சில மணிநேரக் கடற்பயணம் அது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது, நீங்கள் தேடுவது அதுவாகத்தான் இருக்குமோ என்று தோன்றியது.

கோட்டையிலிருந்து ஒரு சுற்றுலா வழிகாட்டி: கப்பல் கட்டணம் ஏறுவதால் கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் பயணிகளும் குறைவார்களா?

சகோதரரே, வரும் கப்பலுக்குள் ஆட்கள் குறையமாட்டார்கள், முன்னர் சொன்ன காரணத்தால் அது நிறைந்தே வரும். குறையக்கூடியது கரையில் இறங்கிய பின் அவர்கள் செய்யும் செலவு. சீட்டுக்கு அதிகம் கொடுத்தவர், கப்பல் ஏற்பாடு செய்யும் விலையுயர்ந்த சுற்றுலாவை விட்டுவிட்டு, துறைமுக வாசலில் நியாயமான விலைக்கு வழிகாட்டியைத் தேடுவார். அது உங்களைப் போன்றவர்களுக்கு வாய்ப்பாகவும் அமையலாம். வரும் கப்பல்களின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது வேறு. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்ட பின்னர், ஐரோப்பாவிலிருந்து சூயஸ் வழியாக ஆசியாவுக்கு வரும் பல பயணங்கள் இரத்தாயின. அவ்வழியில் வருபவற்றுக்குக் கொழும்பு இயல்பான இடைத்துறை என்பதால் அந்த இழப்பு நேராக நம் வாசலுக்கு வந்தது.

வத்தளையிலிருந்து ஓர் இல்லத்தரசி: எங்கள் தெருவில் இருபது பேர் சேர்ந்து மாதம் 40,000 ரூபாய்ச் சீட்டுத் தொடங்குகிறோம். எட்டு இலட்சம் கைக்கு வந்ததும் பிள்ளைகளோடு கப்பலில் போக எண்ணியிருக்கிறேன். கடைசிச் சீட்டை எடுத்தால் கழிவு இல்லாமல் முழுத்தொகையும் கிடைக்கும். கணவர் கடனட்டையில் இப்போதே போகலாம் என்கிறார். எது நல்லது?

கடனட்டை வேண்டாம், அம்மா. அதன் வட்டி ஆண்டுக்கு 30 வீதத்தைத் தாண்டிய காலத்தை நாம் 2022இல் பார்த்தோம். திரும்பி வந்த பிறகும் பல மாதங்கள் வட்டி கட்டும் விடுமுறை உங்கள் பிள்ளைகளின் அடுத்த ஆண்டுச் செலவைத் தின்றுவிடும். சீட்டுப் பிடிப்பது நல்ல எண்ணம், கடைசிச் சீட்டை எடுப்பதில்தான் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

நீங்கள் சேர்ப்பது ரூபாய், வாங்கப் போவதோ டொலரில் விலை குறித்த பொருள். 300 ரூபாய் வீதத்தில் எட்டு இலட்சம் என்பது ஏறத்தாழ 2,667 டொலர். இருபதாவது மாதம் வரும்போது டொலர் 330 ரூபாயாகியிருந்தால் அதே எட்டு இலட்சம் 2,424 டொலராகச் சுருங்கிவிடும். கழிவில் நீங்கள் மிச்சம் பிடித்ததை நாணயமாற்று வீதம் எடுத்துக்கொள்ளும், கப்பல் கட்டணம் டொலரிலும் ஏறியிருந்தால் இழப்பு இன்னும் கூடும். ஆகவே நடுவில் ஒரு சீட்டை, எட்டாவதையோ பத்தாவதையோ, சிறிது கழிவு போனாலும் எடுத்துவிடுங்கள். எடுத்த கையோடு முற்பணத்தைக் கட்டினால் டொலர்க் கட்டணம் அன்றைய தொகையில் நின்றுவிடும். மீதித் தொகையைப் புறப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் கட்ட வேண்டியிருக்கும், அந்த நாள்வரை ரூபாய் இறங்கும் அபாயம் உங்களிடமே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். சீட்டு எடுத்த பின்னரும் மிச்ச மாதங்களுக்கு 40,000 ரூபாய் கட்டிவரக்கூடிய வருமானம் வீட்டில் உறுதியாக இருந்தால் மட்டுமே இந்த வழியில் இறங்குங்கள்.

கனடாவில் இருக்கும் உங்கள் தமக்கையும் தம் குடும்பத்தோடு சேர்ந்துகொள்ள விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் உங்களுக்கு உதவ எண்ணினால், பணத்தை ரூபாயாக மாற்றி அனுப்பச் சொல்லாதீர்கள். வங்கியில் உங்கள் பெயரில் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறந்து அதற்கு அனுப்பச் சொல்லுங்கள், அல்லது உங்கள் பங்கின் முற்பணத்தை அவரே நேராகக் கட்டட்டும், அவருக்குத் தர வேண்டியதை நீங்கள் பின்னர் தீர்த்துக்கொள்ளலாம். எந்த வழியானாலும், முற்பணம் திரும்பக் கிடைக்குமா, மீதியைக் கட்ட வேண்டிய கடைசி நாள் எது, அந்த நாளுக்கு முன்னர் விலகினால் எவ்வளவு கழிப்பார்கள் என்ற மூன்றையும் முகவர் எழுதிக் கொடுத்த பிறகே கையொப்பமிடுங்கள்.